ஏறிய விலையில் ஊருக்கும் பங்கு

அன்புள்ள பாப்பாவுக்கு,

வீட்டு வரி ரசீதைப் படம் பிடித்து அனுப்பி, "நூலக வரி எதற்கு மாமா?" என்று கேட்டிருக்கிறாய். சரியான இடத்தில்தான் கை வைத்திருக்கிறாய்.

சொத்து வரியில் ரூபாய்க்கு 10 பைசா நூலக வரி. 1948-இல் வந்த பொது நூலகச் சட்டம் போட்டுத் தந்த வழி அது, எஸ்.ஆர். அரங்கநாதன் விடாமல் பாடுபட்டதன் பலன். பேரூராட்சி வசூலித்தாலும் அந்தப் பணம் மாவட்ட நூலக ஆணைக்குழுவுக்குத்தான் போக வேண்டும். (பல உள்ளாட்சிகள் அதையும் பாக்கி வைத்திருக்கின்றன என்பது வேறு கதை.)

ஒரு வரியை ஒரு வேலைக்கென்றே ஒதுக்கி வைக்கும் இந்தத் தனிக் கணக்கு யோசனையை இன்னும் நீட்டியவர்கள் அமெரிக்கர்கள். 1952-இல் கலிபோர்னியாவில் தொடங்கினார்கள். நம் ஊர் வழியாகப் போகிற திருச்சி–சிதம்பரம் சாலையை வைத்துச் சொல்கிறேன். சாலை அகலமானால் ஓரத்து மனை விலை ஏறும். போட்டது பொதுப்பணம், லாபம் மனைக்காரருக்கு. அந்தப் பகுதியில் இன்று வரி 10 லட்சம் வருகிறது என்று வைத்துக்கொள். அந்த 10 லட்சம் வழக்கம்போலப் பொதுக் கணக்குக்குப் போகும். சில வருடம் கழித்து 16 லட்சம் வந்தால், கூடுதலான 6 லட்சம் தனியே நிற்கும். வடிகாலுக்கும் விளக்குக்கும் வாங்கிய கடனை அதிலிருந்து அடைப்பார்கள்.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. சிகாகோவில் 1984 முதல் இது நடக்கிறது. ஒரு பகுதிக்கு 23 வருடம் கணக்கு. பள்ளிக்கூடங்களுக்குப் போக வேண்டிய பங்கும் அதில் முடங்குகிறது, தானாகவே வளர்ந்திருக்கும் பணக்காரப் பகுதிகளுக்கே பணம் போகிறது என்று அங்கே ஓயாத சண்டை. கலிபோர்னியாவே இந்தக் கணக்கை நடத்திய முகமைகளை 2012-இல் கலைத்துவிட்டது.

இங்கே அப்படியே கொண்டுவர முடியாது. நம் சொத்து வரி மனையின் சந்தை விலையோடு ஏறுவதில்லை. கட்டடத்தின் சதுர அடி, தெரு, பயன்பாடு பார்த்துப் போடுவது. 2022-இல் பேரூராட்சிகளில் 600 சதுர அடிக்குள்ளான வீட்டுக்கு 25 சதவீதமும், 1,800-க்கு மேல் 100 சதவீதமும் உயர்த்தினார்களே, அது எந்தச் சாலையாலும் வந்த உயர்வு இல்லை.

மனை விலையோடு ஏறுவது பத்திரப்பதிவில் பிடிக்கும் 2 சதவீத சொத்து மாற்றத் தீர்வை. உள்ளாட்சிக்கு வர வேண்டிய பணம் அது. தனிக் கணக்கு வைப்பதென்றால் அங்கிருந்துதான் தொடங்க வேண்டும் என்பேன். வரப்போகிற வரியை நம்பிக் கடன் வாங்குவது சின்ன ஊருக்கு ஆகாது. ஏரி பராமரிப்புக்கென்றே நிலம் ஒதுக்கி, ஏரிப்பட்டி என்று வைத்தார்கள் சோழர் காலத்தில். கையில் இருக்கிற வருமானம், அதற்கொரு வேலை.

ஆனால் இந்தத் தீர்வையிலும் ஓட்டை. சுங்கத்துக்குப் பயந்து மிளகைப் பயறு என்று சொன்ன வணிகன் கதை நம் பயறணீஸ்வரர் கோயிலில் நீ கேட்டதுதானே? பதிவு அலுவலகத்தில் இன்றும் மிளகு பயறாகிக்கொண்டுதான் இருக்கிறது: கை மாறும் விலை ஒன்று, பத்திரத்தில் வழிகாட்டி மதிப்பு ஒன்று.

பேரூராட்சி அலுவலகம் போனால் போன வருடம் இந்தத் தீர்வையில் எவ்வளவு வந்தது, எந்த வேலைக்குப் போனது என்று எழுதிக் கேள். பதில் வந்ததும் எனக்கும் ஒரு நகல் அனுப்பு.

அன்புடன்,
மாமா