நீல வட்டமும் வெள்ளைப் பொட்டும்

(பத்தாம் வகுப்பு, கைவினைக் குழு மாணவியர்)

பள்ளிக் கண்காட்சிக்கு என்ன செய்து வைப்பது என்று எங்கள் கைவினைக் குழுவினர் எண்மரும் கூடி ஆலோசித்தோம். வில்லியனூர் சுடுமண் பொம்மைகளையும் திருக்கனூர் காகிதக்கூழ்ப் பொம்மைகளையும் முந்தைய ஆண்டுகளில் அக்காமார்கள் செய்து பாராட்டுப் பெற்றுவிட்டனர். புதிதாக ஏதேனும் செய்ய வேண்டும் என்ற ஆவல் எங்களுக்கு. "ஆகாய விமானம் செய்வோமே!" என்றாள் எங்களுள் ஒருத்தி.

"செய்வதானால், நம் பக்கத்து வானத்தில் உண்மையிலேயே பறந்த ஒன்றைச் செய்யுங்கள்" என்று கூறிய எங்கள் சரித்திர ஆசிரியை, இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் கடற்படை பயன்படுத்திய 'கோர்செயர்' என்னும் விமானத்தை எங்களுக்கு அறிமுகம் செய்தார். பின்னர் தலைமையாசிரியை சிஸ்டர் அவர்களிடம் அனுமதி பெறச் சென்றோம். அவர்கள் மறுக்கவில்லை. ஆனால் ஒரு கேள்வி கேட்டார்கள்: "இது போர்க் கருவி ஆயிற்றே! இதைப் பார்த்துவிட்டு வீடு திரும்பும் ஒரு குழந்தை எதைக் கற்றுக்கொண்டு போகும்?"

அன்று எங்களால் பதில் கூற இயலவில்லை. விமானத்திற்கு வண்ணம் தீட்டி முடித்த பிறகே பதில் கிடைத்தது.

பறவைப் பெயர் பூண்ட தளங்கள்

பிரிட்டிஷ் கடற்படையினர் தரையில் உள்ள தங்கள் நிலையங்களுக்கும் கப்பலைப் போலவே பெயர் சூட்டுவது மரபு. போர்க்காலத்தில் தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் அவர்கள் அமைத்த விமான நிலையங்களுக்குப் பறவைகளின் பெயர்களை இட்டனர். கோயம்புத்தூரில் விமானங்களைப் பழுது பார்த்த நிலையம் 'கருடா'. சூலூர்த் தளம் 'வைரி'. தாம்பரம் தளம் 'வல்லூறு'. வைரியும் வல்லூறும் நம் தமிழ்ப் பெயர்கள் அல்லவா! இலங்கையின் புத்தளத்தில் இருந்தது 'ராஜாலிய'. மழைக்காலத்தில் அங்கே சேற்றில் புதைந்த விமானங்களை யானைகளைக் கட்டி இழுத்தனராம். நமக்கு அருகே உளுந்தூர்பேட்டையிலும் போர்க்கால விமானத் தளம் ஒன்று இருந்தது.

இன்றும் இம்மரபு தொடர்கிறது. அரக்கோணத்தில் 1992இல் தொடங்கப்பெற்ற நம் இந்தியக் கடற்படைத் தளத்தின் பெயர் 'ராஜாளி'. இராமநாதபுரம் மாவட்டம் உச்சிப்புளியில் உள்ளதன் பெயர் 'பருந்து'.

அளவும் கணக்கும்

கோர்செயர் அமெரிக்காவில் கட்டப்பட்டது. ஏறக்குறைய 2,000 விமானங்கள் பிரிட்டனுக்கு வழங்கப்பட்டன. இதன் இறக்கைகள் கடற்காகம் பறக்கும்போது வளைவதற்கு நேர்மாறாக, உடலருகே கீழிறங்கிப் பின் மேலேறி வளைந்திருக்கும். முன்னால் உள்ள சுழல்விசிறி மிகப் பெரியது. அது தரையில் இடிக்காமலிருக்கவும், சக்கரக் கால்கள் குட்டையாகவும் உறுதியாகவும் அமையவும் இந்த வளைவு உதவியது.

அமெரிக்கக் கோர்செயரின் இறக்கை நீளம் நுனிக்கு நுனி சுமார் 12.5 மீட்டர். நாங்கள் 36இல் ஒரு பங்காகச் செய்யத் தீர்மானித்தோம். வகுத்தால் 34.7 சென்டிமீட்டர். ஆனால் பிரிட்டிஷார் ஒவ்வொரு இறக்கை நுனியிலும் 8 அங்குலம் வெட்டிவிட்டனர். காரணம் என்ன? இறக்கைகளை மேலே மடக்கித்தான் விமானங்களைக் கப்பலின் உட்கூடத்தில் நிறுத்துவர். 'இல்லஸ்ட்ரியஸ்' கப்பலின் உட்கூடம் 16 அடி உயரமே உடையது. வெட்டாவிட்டால் மடக்கிய இறக்கை கூரையில் இடிக்கும். ஆகவே எங்கள் மாதிரியிலும் இரு பக்கமும் அரை சென்டிமீட்டருக்குச் சற்று அதிகமாகக் குறைத்து, 33.6 சென்டிமீட்டராக அமைத்தோம். எங்கள் தோழி ஒருத்தியின் தகப்பனார் தச்சர். அவர் இலேசான மரத்தில் உடலையும் இறக்கைகளையும் செதுக்கித் தந்தார்.

கானாங்கெளுத்தி கற்பித்த பாடம்

விமானத்தின் முதுகுக்குக் கருஞ்சாம்பல், பச்சை கலந்த சாம்பல் ஆகிய இரு நிறங்கள். வயிற்றுக்கு வெளிறிய நிறம். ஏன் இப்படி? விடை எங்கள் வீட்டு அடுக்களையிலேயே இருந்தது. சந்தையில் வாங்கி வரும் கானாங்கெளுத்தி மீனைக் கவனியுங்கள். அதன் முதுகு கரும்பச்சை, வயிறு வெள்ளி. மேலிருந்து பார்க்கும் பறவைக்கு அதன் முதுகு ஆழ்கடலோடு ஒன்றிவிடும். கீழிருந்து பார்க்கும் பெரிய மீனுக்கு அதன் வயிறு வெளிச்சத்தோடு ஒன்றிவிடும். இறைவன் மீனுக்கு அளித்த மறைவை மனிதன் விமானத்திற்குப் பூசிக்கொண்டான்.

வண்ணம் தீட்டிய முறை

முதலில் மரத்தின் வெடிப்புகளில் மக்கு வைத்து, காய்ந்தபின் மெல்லிய உப்புத்தாளால் தேய்த்தோம். துணியால் தூசி துடைத்து, வெளிர் சாம்பல் நிறத்தில் அடிப்பூச்சு ஒன்று கொடுத்தோம்.

வெளிறிய நிறத்தை முதலிலும் அடர்ந்த நிறத்தைப் பின்னரும் பூசுவதே சரி. அடர் நிறத்தின் மேல் வெளிர் நிறம் எளிதில் ஏறாது. எனவே வயிற்றுப் பக்கத்தை முதலில் எடுத்துக்கொண்டோம். இந்நிறத்தைப் பிரிட்டிஷார் 'வானம்' என்று அழைத்தனர். பெயரைக் கேட்டு நாங்கள் நீலத்தைக் கலக்கத் தொடங்கினோம். ஓவிய ஆசிரியை தடுத்தார். அது வாத்து முட்டை ஓட்டைப் போன்ற இளம்பச்சை. நிறைய வெள்ளையில் சிறிது மஞ்சளும் துளி நீலமும் கலந்தபோது அது வந்தது.

முதுகின் நிறங்களைக் கலக்கும்போது ஒவ்வொன்றிலும் கொஞ்சம் வெள்ளை கூடுதலாகச் சேர்த்தோம். தொலைவில் உள்ள பொருள் காற்றின் மங்கலால் வெளிறித் தெரியும். சிறிய மாதிரியைப் பார்ப்பது பெரிய விமானத்தைத் தொலைவில் பார்ப்பதற்கு ஒப்பாகும். ஆகவே அசல் நிறத்தை அப்படியே பூசினால் மாதிரி மிகவும் கறுத்துத் தோன்றும். இரு நிறங்களும் சந்திக்கும் கோட்டைப் பென்சிலால் வளைத்து வரைந்து, அதன்படி தட்டைத் தூரிகையால் ஒரே திசையில் பூசினோம். முதற்பூச்சு முழுதும் காயும்வரை இரண்டாம் பூச்சைத் தொடவில்லை. பொறுமையின்மையால் ஒருமுறை விரல் ரேகை பதிந்துவிட்டது, மீண்டும் உப்புத்தாள்!

நாங்கள் செய்த பிழை

கடைசி வேலை வட்டச் சின்னம். கவராயத்தின் முள் மரத்தில் துளையிடாதபடி நடுவில் சிறு அட்டைத் துண்டை ஒட்டி, புத்தகப் படம் ஒன்றைப் பார்த்து வெளியே நீலம், அடுத்து வெள்ளை, நடுவே அழகான சிவப்புப் பொட்டு என்று தீட்டினோம். எங்களுக்கு ஒரே மகிழ்ச்சி.

கண்காட்சிக்கு முதல் நாள் சரித்திர ஆசிரியை வந்து பார்த்தார். "வேலை நேர்த்தியாக இருக்கிறது. ஆனால் இந்தச் சிவப்புப் பொட்டோடு இது திருகோணமலைக்கு மேல் பறந்திருந்தால், இதன் சொந்தக் கப்பலே இதைச் சுட்டிருக்கக் கூடும்" என்றார். நாங்கள் திகைத்துப் போனோம்.

சிவப்பு ஏன் அழிந்தது?

வட்டச் சின்னம் முதன்முதலில் பிரெஞ்சு விமானங்களில் தோன்றியது. நடுவே நீலம், பின் வெள்ளை, வெளியே சிவப்பு. நம் புதுச்சேரியின் மூத்தோர் கண்டு பழகிய பிரெஞ்சு மூவர்ணமே அது. முதல் உலகப் போரின் தொடக்கத்தில் பிரிட்டிஷார் தங்கள் கொடியையே விமானத்தில் வரைந்தனர். தொலைவிலிருந்து அதன் சிலுவைக் கோடுகள் ஜெர்மானியரின் சிலுவைக் குறியைப் போல் தெரிந்தன. அதனால் 1914இல் பிரெஞ்சு வட்டத்தை எடுத்து, நிற வரிசையை மாற்றி, சிவப்பை நடுவில் வைத்துக்கொண்டனர்.

இரண்டாம் உலகப் போரில் ஜப்பான் எதிரே வந்தது. ஜப்பானிய விமானத்தின் சின்னம் செம்பரிதி, அதாவது முழுச் சிவப்பு வட்டம். 1942 ஏப்ரல் 5, உயிர்த்த ஞாயிறன்று காலையில் ஜப்பானிய விமானங்கள் கொழும்பைத் தாக்கின. திருகோணமலையிலிருந்து சென்ற பிரிட்டிஷ் கடற்படையின் ஆறு 'சுவார்ட்ஃபிஷ்' விமானங்கள் அன்று வீழ்த்தப்பட்டன. மறுநாள் விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் குண்டுகள் விழுந்தன. ஏப்ரல் 9ஆம் நாள் மட்டக்களப்புக்கு அப்பால் 'ஹெர்மிஸ்' என்னும் விமானந்தாங்கிக் கப்பல் மூழ்கியது. முந்நூறுக்கும் மேற்பட்டோர் மாண்டனர்.

இத்தகைய போர்க்களத்தில் பீரங்கி வீரனுக்குக் கிடைப்பது ஓரிரு நொடிகளே. மேகத்திடையே சிவப்பு ஒன்று மின்னினால், அது பொட்டா பரிதியா என்று ஆராய நேரமேது? ஆகவே 1942இல் தொடங்கி, இந்தியாவிலும் இலங்கையிலும் இருந்த பிரிட்டிஷ் விமானங்களின் வட்டத்திலிருந்து சிவப்பு அகற்றப்பட்டது. அமெரிக்கரும் அவ்வாண்டு மே மாதத்தில் தங்கள் நட்சத்திரத்தின் நடுவே இருந்த சிவப்புப் பொட்டை நீக்கினர். நம்மவர் கையால் நம்மவர் மடியக் கூடாது என்பதே காரணம்.

நாங்களும் சிவப்பை அகற்ற முற்பட்டோம். மேலே வெள்ளை பூசினோம், இளஞ்சிவப்பாகத் தெரிந்தது. மறுபடியும் பூசினோம், அப்போதும் சிவப்பு எட்டிப் பார்த்தது. மூன்றாம் பூச்சில்தான் வெள்ளை வெள்ளையாயிற்று. அதற்குள் இரவு மணி எட்டு.

வண்ணத்தின் சாட்சியம்

போர் முடிந்தபின் அமெரிக்காவிடமிருந்து பெற்ற விமானங்கள் பல கடலில் தள்ளப்பட்டன. தப்பிய கோர்செயர் ஒன்று இங்கிலாந்தில் யோவில்டன் அருங்காட்சியகத்தில் உள்ளது. 1963இல் அதன்மேல் புதுவண்ணம் பூசியிருந்தனர். பின்னாளில் அருங்காட்சியகத்தார் பல ஆண்டுகள் பாடுபட்டு, அந்த மேற்பூச்சைக் கையால் சிறிது சிறிதாக அகற்றி, அடியிலிருந்த போர்க்கால வண்ணத்தை மீண்டும் வெளிக்கொணர்ந்தனர். பழைய வண்ணமும் ஓலைச்சுவடியைப் போன்ற ஒரு சரித்திர ஆதாரமே என்பதை இதனால் அறிகிறோம்.

முடிவுரை

கண்காட்சியன்று விமானத்தின் அருகே "இந்த வட்டத்தில் சிவப்பு ஏன் இல்லை?" என்று எழுதி வைத்தோம். பாகூரிலிருந்து வந்த ஒரு சிறுமி, "சிவப்புப் பெயின்ட் தீர்ந்து போச்சா, அக்கா?" என்று கேட்டாள். தீர்ந்து போகவில்லை என்று கூறி, காரணத்தை விளக்கினோம். அவள் சற்று நேரம் நின்று, "அப்போ செத்துப்போனவங்க ரெண்டு பக்கமும் இருந்தாங்களா?" என்றாள். ஆம், இரு பக்கமும் இருந்தார்கள்.

சிஸ்டர் அவர்களின் கேள்விக்கு எங்கள் பதில் இதுதான். போரில் மனிதன் தன் உடன்பிறப்பைக்கூட ஒரு பொட்டு நிறத்தைக் கொண்டே அடையாளம் காண வேண்டியிருந்தது. தன் கொடியின் நிறத்தையே விட்டுக்கொடுத்துத்தான் சிலருடைய உயிரைக் காக்க முடிந்தது. நம் வகுப்பறையிலும் ஊரிலும் ஒருவரை ஒருவர் முகம் பார்த்து அறிந்துகொள்ள நமக்கு நேரம் இருக்கிறது. பொட்டைப் பார்த்து முடிவு செய்யாமல் ஆளைப் பார்த்துப் பழகுவோம்.