ஜவுளி எடுக்க வந்த குடும்பத்தோடு ஹோட்டலுக்குப் போகிறீர்களா?

எங்கள் வீடு காஞ்சிபுரத்தை அடுத்த முசரவாக்கத்தில். தை, வைகாசி, ஆவணி என்று முகூர்த்த மாதம் நெருங்கினால், எந்த ஊர் உறவுக்காரர்களாக இருந்தாலும் கல்யாணப் பட்டு எடுக்கக் காஞ்சிபுரத்துக்குத்தான் வருவார்கள். வேன் பிடித்துப் பத்துப் பேர், பன்னிரண்டு பேர் என்று வருவார்கள். அவர்களைக் கடைக்கு அழைத்துப் போவதும், நடுவில் ஒரு வேளை நல்லபடியாகச் சாப்பிட வைப்பதும் உள்ளூர்க்காரர்களான எங்கள் பொறுப்பு. புடவை பிடிக்கவில்லை என்றால் அடுத்த கடைக்குப் போகலாம். மதியச் சாப்பாடு கெட்டுப்போனால் அன்றைய நாளே கெட்டுப்போகும். பல வருடங்களாகக் கூடப் போய் வந்ததில் தெரிந்துகொண்டவற்றை எழுதுகிறேன். நண்பர்களோடு போகிறவர்களுக்கும் இது உதவும்.

1. முதலில் கோயில் நடை சாத்தும் நேரத்தைக் கணக்கில் வையுங்கள். காஞ்சியின் பெரிய கோயில்கள் பெரும்பாலும் பகல் பன்னிரண்டு, பன்னிரண்டரைக்குச் சாத்தி, மாலை நான்கு மணி வாக்கில் திறக்கும். ஏகாம்பரநாதர், காமாட்சியம்மன், வரதராஜப் பெருமாள் என்று மூன்று கோயில் கூட்டமும் அந்த நேரத்தில் ஒன்றாக வெளியே வரும். காந்தி ரோடு ஜவுளிக்கடைகளில் காலையில் நுழைந்தவர்களுக்கும் அப்போதுதான் பசிக்கும். பன்னிரண்டரையிலிருந்து இரண்டே கால் வரை எந்த நல்ல ஹோட்டலிலும் சாப்பிடுகிறவரின் முதுகுக்குப் பின்னால் அடுத்தவர் நிற்பார். அதனால் பதினொன்றே முக்காலுக்கே உட்கார்ந்துவிடுங்கள். முடியாதென்றால், பதினொரு மணிக்கு ஆளுக்கொரு மோரும் வாழைப்பழமும் கொடுத்துவிட்டு, இரண்டே காலுக்குப் போங்கள்.

2. முந்தின நாளே ஹோட்டலுக்குப் போன் செய்யுங்கள். 'இடம் கிடைக்குமா' என்பதோடு நிறுத்தாதீர்கள். ஏ.சி. ஹால் மாடியில் இருக்கிறதா, லிஃப்ட் உண்டா, கழிப்பறை கீழேயா மேலேயா, வேன் நிறுத்த இடம் இருக்கிறதா என்று நான்கையும் கேளுங்கள். முழங்கால் வலி உள்ள பெரியவர்களுக்கு ஏ.சி.யைவிடத் தரைத்தள மேஜைதான் முக்கியம்.

3. சர்க்கரை நோய்க்கு மாத்திரையோ ஊசியோ எடுத்துக்கொள்பவர்கள் கூட்டத்தில் இருந்தால் இந்தக் குறிப்பை மறக்காதீர்கள். வீட்டில் பழகிய வழக்கப்படி, 'சாப்பாட்டுக்கு முன்னால்' என்று ஹோட்டல் வாசலிலேயே மருந்தைப் போட்டுக்கொள்வார்கள். உட்கார இடம் கிடைக்க முக்கால் மணி நேரம் ஆகிவிட்டால் சர்க்கரை இறங்கி, வியர்த்து, கை நடுங்கத் தொடங்கும். என் பெரியம்மாவுக்கு இப்படி ஆகி, கல்லாவில் இருந்தவர் ஓடிவந்து சர்க்கரை கரைத்த தண்ணீர் கொடுத்தார். அன்றைக்கு நான் பயந்த பயம் இன்னும் போகவில்லை. வெளியூர் போகும் நாளில் மருந்தை எப்படி எடுத்துக்கொள்வது என்று முன்கூட்டியே டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். கைப்பையில் குளுக்கோஸோ நான்கு மிட்டாயோ எப்போதும் இருக்கட்டும்.

4. ஆர்டர் சொல்லும்போது குழந்தைகளுக்கும் முதியவர்களுக்கும் முதலில் சொல்லுங்கள். சப்ளையரிடம், "அண்ணே, இந்த மூணு பேருக்கு மட்டும் இட்லி முதல்ல கொண்டாந்துடுங்க, மத்தவங்களுக்கு மெதுவா வரட்டும்" என்றால் எந்த ஹோட்டலிலும் செய்து தருவார்கள். பத்துப் பேரும் பத்து விதமாகச் சொன்னால் கடைசித் தட்டு வருவதற்குள் முதல் தட்டு ஆறிப்போகும். கூட்ட நேரத்தில் இலைச் சாப்பாடு சீக்கிரம் வரும். ரவா தோசை, ஊத்தப்பம், நூடுல்ஸ் எல்லாம் கல்லிலும் அடுப்பிலும் ஒவ்வொன்றாகத்தான் வரும்.

5. காஞ்சிபுரம் வரை வந்து கோயில் இட்லி சாப்பிடாமல் யாரையும் அனுப்பாதீர்கள். இங்கே வருகிறவர்கள் பெரும்பாலும் ஏமாந்துபோவது இதில்தான். பல ஊர் ஹோட்டல்களில் 'காஞ்சிபுரம் இட்லி' என்று டம்ளரில் வேகவைத்து, முந்திரியும் கேரட்டும் தூவிக் கொடுப்பார்கள். அது நல்ல பலகாரம்தான். ஆனால் வரதராஜப் பெருமாள் கோயிலில் நைவேத்தியமாகும் குடலை இட்லி வேறு. பச்சரிசியும் உளுந்தும் கொரகொரப்பாக அரைத்துப் புளிக்கவைத்து, மிளகு, சீரகம், சுக்கு, பெருங்காயம், நெய் சேர்ப்பார்கள். மூங்கில் குடலைக்குள் மந்தார இலையை விரித்து, மாவை ஊற்றி, மணிக்கணக்கில் ஆவியில் வேகவைப்பார்கள். நீளமாக வரும் இட்லியை வட்ட வட்டமாக நறுக்கித் தருவார்கள். சாதாரண இட்லி போல மிருதுவாக இருக்காது. கொஞ்சம் கெட்டியாக, இலை வாசனையோடு, மிளகு பல்லில் தட்டுப்பட இருக்கும். 'இட்லி கல்லு மாதிரி இருக்கே' என்று புதியவர்கள் ஒதுக்கிவிடுவார்கள். முன்கூட்டியே சொல்லி வைத்தால் ரசித்துச் சாப்பிடுவார்கள்.

சின்ன காஞ்சிபுரத்தில் கோயில் பிரசாதக் கடையில் கேட்டுப் பாருங்கள். காலையிலேயே போவது நல்லது. மிளகாய்ப் பொடியும் நல்லெண்ணெயும்தான் இதற்குத் துணை. சாம்பாரில் ஊறவைத்தால் இலை வாசனை போய்விடும். மிச்சமானதை மறுநாள் தோசைக்கல்லில் நல்லெண்ணெய் விட்டு இருபுறமும் சிவக்க வாட்டிக் கொடுங்கள். எங்கள் வீட்டுப் பிள்ளைகள் அதற்காகவே மிச்சம் வைப்பார்கள்.

6. பட்டுப் புடவையோடு சாப்பிட உட்காருகிறவர்களுக்கு, தறிச்சத்தம் கேட்டு வளர்ந்தவள் என்ற உரிமையில் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். முந்தானையை இடுப்பில் செருகி, மடியில் பழைய பருத்தித் துண்டைப் போட்டுக்கொள்ளுங்கள். ஹோட்டல் டிஷ்யூ பேப்பர் நனைந்தால் கிழிந்து ஜரிகையில் ஒட்டிக்கொள்ளும்.

சாம்பார் சிந்திவிட்டால் எல்லோரும் செய்யும் தவறு, ஈரத்துணியால் அழுத்தித் தேய்ப்பது. தேய்த்தால் இழை பிரியும், சாயமும் கலங்கும். முதலில் உலர்ந்த பருத்தித் துணியால் ஒற்றி எடுங்கள். பிறகு குளிர்ந்த தண்ணீரில் நனைத்து நன்றாகப் பிழிந்த துணியால், கறையின் ஓரத்திலிருந்து நடுப்பக்கமாக ஒற்றுங்கள். அதற்கு முன், வெளியே தெரியாத மூலையில் ஒற்றிச் சாயம் இறங்குகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். நெய், எண்ணெய் என்றால் தண்ணீரே வேண்டாம். டால்கம் பவுடரைத் தூவி அரைமணி நேரம் விட்டுத் தட்டிவிடுங்கள். சோப்பைத் தொடவே கூடாது, மஞ்சள் கறை சோப்பு பட்டதும் சிவப்பாக மாறிவிடும். எலுமிச்சம்பழமும் வேண்டாம். அசல் ஜரிகை என்பது பட்டு நூலின் மேல் வெள்ளி இழை சுற்றித் தங்க முலாம் பூசியது. புளிப்பு பட்டால் கறுத்துப்போகும். வீட்டுக்கு வந்ததும் நிழலில் ஆறவிட்டு, இரண்டொரு நாளில் டிரை கிளீனிங் கொடுங்கள். என்ன சிந்தியது என்று கடைக்காரரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

புதிதாக வாங்கிய புடவைப் பைகளைச் சாப்பாட்டு மேஜையில் வைக்காதீர்கள், வேனில் பூட்டி வையுங்கள்.

7. தண்ணீர் பாட்டில் வீட்டிலிருந்தே எடுத்துப் போங்கள். கைக்குழந்தை இருந்தால் ஸ்பூன், கிண்ணம், பிளாஸ்க்கில் வெந்நீர்.

8. அசைவம் சாப்பிடுகிறவர்கள் சிலர் பெங்களூர் நெடுஞ்சாலைப் பக்கம் பிரியாணிக்குப் போகலாம் என்பார்கள். ஆற்காடு, ஆம்பூர் எல்லாம் அந்தச் சாலையில்தானே! பிரியாணிக்கு நேரம் முக்கியம். "தம் எப்ப உடைச்சீங்க?" என்று தயங்காமல் கேளுங்கள். பகல் பன்னிரண்டு வாக்கில் உடைத்த பாத்திரத்தில் சாப்பிடுவது ஒரு ருசி, நான்கு மணிக்கு அடியில் கிடப்பது வேறு. வறுத்த கறி, சில்லி சிக்கன் கண்ணைப் பறிக்கும் சிவப்பில் இருந்தால் குழந்தைகளுக்கு வேண்டாம். பிள்ளைகள் கேட்கும் ஷவர்மாவுக்கும் ஒரு எச்சரிக்கை: பச்சை முட்டையில் செய்யும் மயோனைசைத் தமிழ்நாடு அரசு 2025 ஏப்ரலில் ஓராண்டுக்குத் தடை செய்தது. கிருமி பரவும் ஆபத்துதான் காரணம். முட்டை சேர்க்காத மயோனைசா என்று கேட்டுவிட்டு வாங்குங்கள்.

9. பில்லைப் படித்துவிட்டுப் பணம் கொடுங்கள். சாதாரண ஹோட்டல்களில் ஜி.எஸ்.டி. 5 சதவீதம். மத்திய வரி இரண்டரை, மாநில வரி இரண்டரை என்று இரண்டாகப் போட்டிருப்பார்கள். 1,240 ரூபாய்க்குச் சாப்பிட்டால் 31 ரூபாயும் 31 ரூபாயும் சேர்ந்து 1,302 ரூபாய். அதற்கு மேல் ஏறியிருந்தால் ஏன் என்று கேட்கலாம். காம்போசிஷன் திட்டத்தில் இருக்கும் சிறிய ஹோட்டல்கள் வாடிக்கையாளரிடம் தனியாக வரி வசூலிக்கவே கூடாது. அது அவர்கள் கையிலிருந்து கட்டவேண்டிய வரி.

சென்னையில் பெரிய ரெஸ்டாரன்ட், பப் என்று போகிறவர்கள் 'சர்வீஸ் சார்ஜ்' என்று ஒரு வரியைப் பார்ப்பார்கள். அது அரசு வரி இல்லை. தானாகப் பில்லில் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் சொன்னது. டெல்லி உயர் நீதிமன்றம் 2025 மார்ச்சில் அதை உறுதி செய்தது. எடுக்கச் சொன்னால் எடுத்துத்தான் ஆகவேண்டும். மறுத்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்குப் பேசுங்கள். பரிமாறியவருக்குக் கொடுக்க நினைப்பதை அவர் கையிலேயே கொடுங்கள்.

10. பில்லில் 14 இலக்கத்தில் உணவுப் பாதுகாப்பு உரிம எண் இருக்கவேண்டும். 2022 ஜனவரியிலிருந்து இது கட்டாயம். ஒருமுறை ஒரு ஹோட்டலில் தேங்காய்ச் சட்னி நூல் நூலாக வந்தது. சொன்னதும் கிண்ணத்தை மட்டும் மாற்றினார்கள், அடுத்த மேஜைக்கு அதே வாளியிலிருந்தே ஊற்றினார்கள். எனக்கு மனசு ஆறவில்லை. அன்றைக்கு எனக்குத் தெரியாததை இப்போது சொல்கிறேன்: தமிழ்நாடு உணவுப் பாதுகாப்புத் துறைக்கு 94440 42322 என்ற எண்ணில் வாட்ஸ்அப்பில் புகார் அனுப்பலாம். படம், பில், ஹோட்டல் பெயர், நேரம் நான்கும் இருந்தால் போதும். சத்தம் போடத் தேவையில்லை.

11. பார்சலுக்கு எவர்சில்வர் தூக்கும் டப்பாக்களும் வேனிலேயே வைத்திருங்கள். சூடான சாம்பாரைப் பிளாஸ்டிக் கவரில் கட்டிக்கொள்ளாதீர்கள். ஒருமுறை பயன்படுத்தித் தூக்கி எறியும் பிளாஸ்டிக் பைகளுக்குத் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை இருக்கிறது. அச்சடித்த செய்தித்தாளில் வடை, போண்டா மடித்துத் தந்தால் வேண்டாம் என்று சொல்லி வாழையிலை கேளுங்கள். சமைத்த உணவு பெரும்பாலும் வெளியில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் தாங்காது. கோடை வெயிலில் நின்ற வேனில் அதுகூடத் தாங்காது. முதலில் கெடுவது தேங்காய்ச் சட்னி. வழிப்பயணத்துக்கு இட்லி, பொடி போதும்.

12. நண்பர்களோடு போனால் பணப் பேச்சை வீட்டிலேயே முடித்துவிட்டுப் புறப்படுங்கள். ஒருவர் கொடுத்து, மற்றவர்கள் அன்று இரவுக்குள் அனுப்பிவிடுவது நல்ல பழக்கம். கூட்டத்தில் குறைவாகச் சம்பாதிப்பவர் யார் என்று நமக்குத் தெரியும். அவர் தாங்கக்கூடிய ஹோட்டலாகப் பாருங்கள். மெனு கார்டைப் பார்த்துவிட்டு, 'எனக்குப் பசியில்லை, ஒரு காபி போதும்' என்று ஒருவர் சொன்னால் அது பெரும்பாலும் பசியின்மை இல்லை.

13. திருவிழா நாட்களில் ஹோட்டலை நம்பாதீர்கள். வரதராஜப் பெருமாள் கோயில் வைகாசி பிரம்மோற்சவத்தின் மூன்றாம் நாள் கருட சேவை. வரதர் விடியும் முன்பே புறப்பட்டுப் பெரிய காஞ்சிபுரம் வரை வருவார். அன்றைக்கு வண்டி நகராது, மேஜை கிடைக்காது. 2019 ஜூலை 1 முதல் ஆகஸ்ட் 17 வரை அதே கோயிலில் அத்திவரதர் எழுந்தருளிய 48 நாளும் ஊர் முழுக்க இதே நிலைதான். அப்படிப்பட்ட நாளில் புளியோதரையும் தயிர் சாதமும் கட்டிக்கொண்டு கிளம்புங்கள். தயிர் சாதத்தில் பாலை அதிகமாகவும் தயிரைக் குறைவாகவும் விட்டுப் பிசைந்தால் மதியம் வரை புளிக்காது.

14. மது பரிமாறும் இடத்துக்கு நண்பர்கள் சேர்ந்து போகிறார்கள் என்றால், ஓட்டப்போகிறவர் யார் என்று புறப்படும்போதே முடிவாகட்டும். அவர் ஒரு சொட்டும் தொடக்கூடாது. பிடிபட்டால் முதல் முறைக்கே பத்தாயிரம் ரூபாய் அபராதம் உண்டு. அபராதத்தைவிட, வீட்டில் காத்திருப்பவர்களை நினைத்துப் பாருங்கள்.

15. வாடகை வேனில் வந்திருந்தால், ஓட்டுநர் விடியற்காலையில் எழுந்து உங்களை ஏற்றிக்கொண்டு வந்தவர். ஜவுளிக்கடை வாசலில் வெயிலில் நின்றவர், இரவு பத்திரமாகக் கொண்டுபோய்ச் சேர்க்கவேண்டியவரும் அவர்தான். கையில் நூறு ரூபாய் கொடுத்து 'எங்காவது சாப்பிட்டுக்கோங்க' என்று அனுப்பிவிடாதீர்கள். உட்காரும் ஆட்களை எண்ணும்போதே அவரையும் சேர்த்து எண்ணி, உங்கள் மேஜையிலேயே அவருக்கும் ஒரு இலை போடச் சொல்லுங்கள்.