செவியால் வாசிப்பவர்களுக்காக

கேள்வி: எங்கள் வாசகர் சங்கத்தின் இணையப் பக்கத்தைப் பார்வையற்றோரும் சிரமமின்றி வாசிக்க என்ன செய்யலாம்?
– ஒரு வாசகர், கும்பகோணம்

பதில்: பார்வையற்ற அன்பர்கள் கணினியை உபயோகிப்பது, திரையிலுள்ள எழுத்தைக் குரலாக்கிச் சொல்லும் திரைவாசிப்பான் என்னும் மென்பொருளின் துணையால்தான். ஆஸ்திரேலியாவில் மைக்கேல் கரன் என்னும் பார்வையற்ற இளைஞர் 2006-இல் ஆரம்பித்து, இன்றளவும் இலவசமாகவே கிடைத்து வரும் என்.வி.டி.ஏ. என்னும் திரைவாசிப்பான் தமிழையும் வாசிக்கிறது.

எனினும், பாமினி முதலிய பழைய எழுத்துருக்களில் தட்டெழுதிய பக்கம், கண்ணுக்குத் தமிழாகத் தோன்றினாலும் உள்ளே ஆங்கில எழுத்துக்களையே கொண்டிருப்பதால், 'தமிழ்' என்னும் சொல்லே 'ஜே, கே, பி, ஓ' என்று பொருளற்ற சப்தமாகிச் செவியில் விழும் பரிதாபம் நேர்கிறது. ஆதலால் பழைய பக்கங்கள் யாவற்றையும், தமிழ் எழுத்தைத் தமிழாகவே பதியும் யூனிகோடுக்கு மாற்றுவதே முதற் காரியம் என்பது என் திடமான அபிப்பிராயம்.

அடுத்தது படங்கள். ஆண்டு விழா அழைப்பிதழை எவ்வளவு அழகாக அச்சிட்டிருந்தாலும், அதைப் படமாக மட்டும் ஏற்றிவிட்டால், நாளும் நேரமும் இடமும் அறிய வழியின்றி, கோப்பின் பெயரை மாத்திரம் கேட்டுப் பார்வையற்ற வாசகர் திரும்ப வேண்டியதுதான். அவ்விவரங்களைக் கீழே எழுத்தாகவும் தருக. புகைப்படங்களுக்கு, திரைவாசிப்பான் வாசித்துச் சொல்லும் 'மாற்று உரை' ஒரு வரி போதும்.

தலைப்புகளை வெறுமனே தடித்த எழுத்தாக்காமல் தலைப்பாகவே குறித்திடுக. எச் விசையை அழுத்தித் தலைப்புக்குத் தலைப்பு தாவிச் செல்வது திரைவாசிப்பானை உபயோகிப்போர் வழக்கம்.

இவற்றை முடித்தபின், உங்கள் ஊரிலுள்ள பார்வையற்ற வாசகர் ஒருவரை அழைத்துப் பக்கத்தை வாசிக்கச் சொல்லி, அவர் காணும் குறைகளைத் தயவுசெய்து உடனே களையுங்கள்.