மெடிக்கல் ஷாப் சொட்டு மருந்தை முதல்ல கீழே வை!

கண் சிவந்தா, மார்க்கெட்டுக்குப் போற வழியில மெடிக்கல் ஷாப்ல நின்னு, "அண்ணா, கண்ணுக்கு ஒரு டிராப்ஸ் குடுங்க"ன்னு வாங்கிட்டு வர்றவதானே நீ? உன்கிட்டதான் பேசறேன், கொஞ்சம் உட்காரு. பௌரிங் ஆஸ்பத்திரி நம்ம பெங்களூர் சிவாஜிநகர்லயே இருக்கு. சிட்டி மார்க்கெட் பஸ் ஏறினா மிண்டோ கண் ஆஸ்பத்திரி. 1896ல ஆரம்பிச்ச இடம். ஊரெல்லாம் இங்க வைத்தியத்துக்கு வருது, பக்கத்துலயே இருக்கற நீ மட்டும் "அப்புறம் பாத்துக்கலாம்"ங்கற.

இது உன் ஒருத்தி குணம் இல்ல. தமிழ்நாட்டு கிராமங்கள்ல அரவிந்த் கண் ஆஸ்பத்திரிக்காரங்க இலவச முகாம் போட்ட ஊர்கள்ல ஒரு ஆய்வு நடந்து 1999ல வெளிவந்துச்சு. கண்ல குறை இருந்தவங்க நூறு பேர்ல முகாமுக்கு வந்தது ஏழு பேர்தான். இலவசம்தான், ஆனாலும் வரல. ஏன்னு கேட்டா பயம், போக வர செலவு, வீட்டுப் பொறுப்புன்னு பதில். அதனாலதான் அப்புறம் அரவிந்த்காரங்க ஊருக்குள்ளயே சின்னச் சின்ன கண் மையம் திறந்து, பயிற்சி பெற்ற பொண்ணுங்களை உட்கார வெச்சு, டாக்டரை வீடியோவுல பேச வெச்சாங்க. உனக்கு அந்த அளவுக்குக்கூட சிரமம் இல்ல. நான் சொல்றதை மட்டும் செய்.

1. சொட்டு மருந்தை நீயா வாங்காதே. கடையில எடுத்துக் குடுக்கற பாட்டில் பலதுல ஸ்டீராய்டு இருக்கும். விட்ட உடனே சிவப்பு போயிடும், அதுதான் ஆபத்தே. மாசக்கணக்குல விட்டா கண்புரை வரும், கண் அழுத்தம் ஏறும். பசங்களுக்கு வெயில் காலத்துல கண் அரிக்கும் பாரு, அதுக்குப் போன வருஷத்து பாட்டிலையே தேடி எடுத்து விடற அம்மாங்களைப் பார்த்தா எனக்கு எரிச்சலா வரும். டாக்டர் எழுதின மருந்தா இருந்தாலும், அவர் சொன்ன நாளோட நிறுத்தணும். திறந்து ஒரு மாசம் ஆன பாட்டிலைக் குப்பையில போடு.

2. தாய்ப்பால், விளக்கெண்ணெய், நந்தியாவட்டைச் சாறு எதையும் கண்ல ஊத்தாதே. பாட்டி செஞ்சாங்கன்னு என்கிட்ட வாதாடாதே. கருவிழியில சின்னக் கீறல் இருந்தா கிருமி உள்ள போய் புண்ணாயிடும். நம்ம தென்னிந்தியாவுல அந்தப் புண்ணு நிறைய பேருக்குப் பூஞ்சையால வருது. அதுக்கு எந்த மருந்து நல்லதுன்னு அரவிந்த் ஆஸ்பத்திரிகள்ல அமெரிக்க டாக்டர்களோட சேர்ந்து பெரிய ஆய்வு பண்ணி 2013ல முடிவு சொன்னாங்க. புதுசா வந்த வோரிகோனசோலைவிட பழைய நேட்டமைசின் சொட்டு மருந்துதான் நல்லா வேலை செஞ்சுது. ஆனா பூஞ்சையா பாக்டீரியாவான்னு புண்ணைச் சுரண்டி மைக்ராஸ்கோப்ல பார்த்தாதான் தெரியும். கடைக்காரர் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. பூஞ்சைப் புண்ணுல ஸ்டீராய்டு விட்டா கதை முடிஞ்சுது.

3. உன் வீட்டுக்காரர், தம்பி யாராவது ஸ்பேர் பார்ட்ஸ் கடையில, வெல்டிங்ல வேலை பார்க்கறாங்களா? கண்ல இரும்புத் தூள் விழுந்தா கூட வேலை செய்யறவன் கைக்குட்டை முனையால எடுக்கற வேலையே வேண்டாம்னு சொல்லு. தேய்க்காம நேரா ஆஸ்பத்திரி. சுண்ணாம்பு, ஆசிட், பாத்ரூம் கழுவற தண்ணி தெறிச்சா மட்டும் ஆஸ்பத்திரி இரண்டாவது, குழாய் முதல்ல. இமையை விரிச்சுப் பிடிச்சு குறைஞ்சது 15 நிமிஷம் கழுவு, அப்புறம் ஆட்டோ பிடி. வெத்தலைக்கு வாங்கற சுண்ணாம்பு பாக்கெட்டைப் பசங்க கையில குடுக்காதே. அமுக்கினா நேரா கண்ணுக்குத்தான் பீச்சும்.

4. நாற்பது தாண்டிட்டயா? ஊசியில நூல் கோக்கப் பொண்ணைக் கூப்பிடறயா? அது வெள்ளெழுத்து. கண்ணாடி போட்டா வயசு தெரியும்னு வெட்கப்படறதை நிறுத்து. அசாம் தேயிலைத் தோட்டத்துல நாற்பது வயசு தாண்டின தொழிலாளிகள்ல பாதிப் பேருக்குப் படிக்கற கண்ணாடி குடுத்து, மீதிப் பேருக்குக் குடுக்காம ஒப்பிட்டுப் பார்த்தாங்க. 2018ல முடிவு வந்துச்சு: கண்ணாடி போட்டவங்க பறிச்ச இலை, போடாதவங்களைவிட ஐந்துல ஒரு பங்குக்கு மேலயே கூடிடுச்சு. ஆபரேஷன் இல்ல, மாத்திரை இல்ல, வெறும் கண்ணாடி. கமர்ஷியல் ஸ்ட்ரீட் கடைகளுக்கு பிளவுஸ் தைக்கறவங்க, ஆரி வேலை செய்யறவங்க எல்லாருக்கும் இது பொருந்தும். பீஸுக்கு இவ்வளவுன்னு கூலி வாங்கறவளுக்குக் கண்ணாடி செலவு இல்ல, முதலீடு. ரோட்டோரத்துல விக்கற ரெடிமேட் கண்ணாடி அவசரத்துக்குப் பரவாயில்ல. ஆனா ஒரு தடவையாவது முழுசா கண்ணைச் சோதிச்சுட்டு வா. கண்ணாடி கடை கம்ப்யூட்டர் பவரை மட்டும்தான் பார்க்கும், உள்ள இருக்கற நோயைப் பார்க்காது.

5. சுகர் இருக்கறவங்க வருஷத்துக்கு ஒரு தடவை விழித்திரையைப் பார்க்கணும். "எனக்கு நல்லாத்தானே தெரியுது" பேச்சே வேண்டாம். விழித்திரை கெட ஆரம்பிக்கும்போது ஒண்ணுமே தெரியாது, தெரியும்போது ரத்தம் கசிஞ்சிருக்கும். சென்னையில 2005ல வெளிவந்த ஆய்வுப்படி, சுகர்காரங்க ஆறு பேர்ல ஒருத்தருக்கு விழித்திரையில பாதிப்பு. விழித்திரையைக் கேமராவுல போட்டோ எடுக்கறது சில நிமிஷ வேலை. அந்த மாதிரிக் கேமராவைத் தயாரிக்கற கம்பெனிகளே நம்ம பெங்களூர்ல இருக்கு.

6. அப்பாவுக்கோ அக்காவுக்கோ கிளாக்கோமா (கண் அழுத்த நோய்) இருந்தா உனக்கும் வரலாம். வலி இருக்காது. ஓரப் பார்வை மெல்லப் போகும், போனது திரும்பாது. மதுரைப் பக்கம் நடந்த கணக்கெடுப்புல, இந்த நோய் இருந்தவங்க பத்துல ஒன்பது பேருக்கு மேல அதுவரை தங்களுக்கு இருக்கறதே தெரியாம இருந்தாங்க. நாற்பதுக்கு மேல கண் அழுத்தமும் நரம்பும் பாருங்கன்னு நீயே வாய் திறந்து கேளு.

7. குறைமாசக் குழந்தை பொறந்திருக்கா? இதை இரண்டு தடவை படி. 34 வாரத்துக்கு முன்னாடி பொறந்தாலோ, எடை 2 கிலோவுக்குக் கீழ இருந்தாலோ, பொறந்து 30 நாளைக்குள்ள விழித்திரையைச் சோதிச்சாகணும். ரொம்பச் சின்னக் குழந்தைன்னா இன்னும் சீக்கிரம். அமெரிக்காவுல ஒன்றரை கிலோவுக்குக் கீழ உள்ள குழந்தைகளைத்தான் முக்கியமா பார்க்கறாங்க. நம்ம ஊர்ல அதைவிடக் கொஞ்சம் பெரிய குழந்தைகளுக்கும் குறைமாசத்தால வர்ற விழித்திரை நோய் வருதுன்னு நம்ம டாக்டருங்க கண்டுபிடிச்சுதான் இங்க கோட்டை உயர்த்தி வெச்சாங்க. 2008ல நாராயணா நேத்ராலயாக்காரங்க கேமராவை வண்டியில தூக்கிட்டு கர்நாடகாவோட சின்ன ஊர் ஆஸ்பத்திரிகளுக்கே போக ஆரம்பிச்சதும் இந்தச் சோதனைக்காகத்தான். லேசர் சிகிச்சை நேரத்துல குடுத்தா பார்வையைக் காப்பாத்தலாம், நாள் தவறிட்டா வாழ்க்கை முழுக்க இருட்டு. டிஸ்சார்ஜ் சீட்டுல கண் சோதனை தேதி இல்லன்னா நர்ஸ் சிஸ்டர்கிட்ட எழுதி வாங்கிட்டுதான் வீட்டுக்குக் கிளம்பணும். தீட்டு, நாப்பது நாள் வெளிய போகக் கூடாதுன்னு மாமியார் சொன்னா, இதை எழுதின அக்கா சொன்னாங்கன்னு சொல்லு.

8. கண்புரை "முத்தட்டும்"னு காத்திருக்காதே. அது அந்தக் காலத்து ஆபரேஷனுக்கு. இப்ப முத்தினாதான் டாக்டருக்கும் கஷ்டம், உனக்கும் கஷ்டம். ஆபரேஷன்ல கண்ணுக்குள்ள வைக்கற லென்ஸ்ல பகட்டு வேண்டாம். தூரப் பார்வைக்கு வைக்கற சாதாரண லென்ஸே நல்லா இருக்கும், பேப்பர் படிக்க மட்டும் கண்ணாடி போட்டுக்கலாம். 1992ல மதுரையில ஆரோலேப் லென்ஸ் தயாரிக்க ஆரம்பிச்ச பிறகுதான் வெளிநாட்டு லென்ஸ் விலை குடுக்க வேண்டிய நிலை மாறுச்சு. விலை உயர்ந்த லென்ஸ் வாங்கலன்னா பார்வை பாழாயிடும்னு யாராவது மிரட்டினா, இன்னொரு டாக்டர்கிட்ட கேளு.

இனி ஆஸ்பத்திரிக்குப் போற நாள். இதுலதான் எல்லாரும் கோட்டை விடறீங்க.

• திங்கட்கிழமை போகாதே, கூட்டம் தாங்காது. செப்டம்பர்ல மேரி மாதா திருவிழா நேரத்துலயும் பௌரிங் பக்கம் வேண்டாம், பஸ்ஸே நகராது.

• ஆதார், ரேஷன் கார்டு, பழைய சீட்டு, பழைய கண்ணாடி, சாப்பிடற மாத்திரை அட்டை எல்லாம் ஒரே பையில. பிபிஎல் கார்டை வீட்டுல வெச்சுட்டுப் போய் கவுண்டர்ல கெஞ்சாதே.

• விழியை விரிக்க மருந்து விடுவாங்க, சில மணி நேரம் மங்கலா இருக்கும். ஸ்கூட்டர் ஓட்டிட்டுப் போகாதே. துணைக்கு ஆளும் கூலிங் கிளாஸும் கொண்டு போ.

• கன்னடம் வரலைன்னு ஓரமா நிக்காதே. தமிழ் தெரிஞ்ச சிஸ்டர் யாராவது இருப்பாங்க, கேளு.

• அடுத்த தேதியை போன்ல அலாரமா வெச்சுட்டு வெளிய வா.

இன்னொண்ணு. கண்புரை ஆபரேஷன் ஆம்பளைங்களுக்கு நடக்கற அளவுக்குப் பொம்பளைங்களுக்கு நடக்கறதில்லன்னு பல நாட்டு ஆய்வுகள் சொல்லுது. வீட்டுல அப்பாவுக்குக் கண் மங்கினா உடனே ஆட்டோ வரும், அம்மாவுக்கு மங்கினா "சமையல் பண்ண இது போதும்"னு அவங்களே சொல்லிடுவாங்க. அதை நம்பாதே. இன்னிக்கு ராத்திரி அம்மாவை ஒரு கண்ணைக் கையால மூடிட்டு, பத்தடி தள்ளி நின்னு சுவத்துல இருக்கற காலண்டர் தேதியைப் படிக்கச் சொல்லு. அப்புறம் அடுத்த கண்ணு. ஏதாவது ஒண்ணுல தடுமாறினா, இந்த வாரத்துக்குள்ள கூட்டிட்டுப் போ.