மரித்தவர்களை அடக்கம் செய்வது: ஏழாவது தர்மக் கிரியை



சரீரத்தைச் சேர்ந்த தர்மக் கிரியைகள் ஏழு என்று ஞானோபதேசத்தில் படித்திருக்கிறோம். அவற்றில் ஏழாவது, மரித்தவர்களை அடக்கம் செய்வது. பசித்தவனுக்கு அன்னம் குறைந்தால் அவன் கேட்பான். மரித்தவரோ குறை நேர்ந்தாலும் முறையிடமாட்டார். ஆகையால் இந்தக் கிரியையில் நேர்மை தவறுவது மிக எளிது.

திருமலை, ஆரணி வட்டாரத்துத் தறிக்கார வீடுகளுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பட்டுச்சேலை வாங்க வருகிறவர் ஜரிகை அசலா, கலப்பா என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. விற்பவர் சொல்லை நம்பிப் பணம் கொடுக்கிறார். இழவு வீட்டார் நிலை இதைவிட இக்கட்டானது. துக்கத்தில் பேரம் பேச நா எழாது. தகன மேடைக் கதவுக்குப் பின்னால் நடப்பதைப் பார்க்கவும் முடியாது. அவர்களுக்கு நம்பிக்கை ஒன்றே துணை.

1. சரீரத்தை ஏன் மதிக்க வேண்டும்?

ஞானஸ்நானத்தினால் நமது சரீரம் இஸ்பிரீத்துசாந்துவின் ஆலயமாயிற்று. அது கடைசி நாளில் உயிர்த்தெழும் என்று விசுவசிக்கிறோம். தொபியாஸ் அரசன் கோபத்துக்கு அஞ்சாமல் மரித்தோரை அடக்கம் செய்தார். அரிமத்தியா ஊர் சூசை துணிந்து பிலாத்திடம் போய், ஆண்டவருடைய திருச்சரீரத்தைக் கேட்டு வாங்கித் தமது புதுக் கல்லறையில் வைத்தார்.

2. தகனம் செய்யலாமா?

1917-ம் ஆண்டுத் திருச்சபைச் சட்டம் தகனத்தைத் தடுத்திருந்தது. 1963-ம் ஆண்டு ஜூலை மாதம் ரோமாபுரியிலிருந்து வந்த கட்டளை அந்தத் தடையைத் தளர்த்தியது. விசுவாசத்தை மறுக்கும் நோக்கம் இல்லாவிட்டால் தகனம் செய்யலாம் என்பதே 1983-ம் ஆண்டுச் சட்டமும். ஆயினும் அடக்கம் செய்வதையே திருச்சபை விரும்புகிறது. சாம்பலைக் கல்லறைத் தோட்டம் போன்ற பரிசுத்த ஸ்தலத்தில் வைக்கவேண்டும். காற்றில் தூவவும், ஆற்றிலோ கடலிலோ கரைக்கவும் கூடாது என்று 2016-ல் ரோமாபுரி அறிவித்தது. சிறு பகுதியை மட்டும், தக்க காரணத்தோடு, மரித்தவருக்கு முக்கியமான வேறோர் இடத்தில் வைக்கத் திருச்சபை அதிகாரிகள் அனுமதிக்கலாம் என்று 2023 டிசம்பரில் விளக்கம் வந்தது.

3. நம்பிக்கை எப்படிக் கெடுகிறது?

இரண்டு வழியாய்க் கெடுகிறது: ஒன்று பேராசை, மற்றொன்று பயம். இலவசமாய்ச் செய்யவேண்டியதற்குக் காசு கேட்பதும், குடித்துவிட்டுப் பிரேதத்தைத் தொடுவதும், வீட்டாரை அலையவிடுவதும் பேராசையின் வேலை.

பயத்தின் வேலையை 2020-ம் ஆண்டு கொரோனா காலத்தில் சென்னையில் கண்டோம். நோயாளிகளுக்கு உழைத்த மருத்துவர் சைமன் ஹெர்குலிஸ் ஏப்ரல் 19-ந் தேதி அந்த நோயினாலே மரித்தார். கீழ்ப்பாக்கத்தில் அடக்கம் செய்ய எதிர்ப்பு எழுந்தது. வேலங்காட்டுக்குக் கொண்டுபோனபோது ஒரு கூட்டம் ஆம்புலன்ஸைக் கல்லும் கட்டையும் கொண்டு தாக்கியது. கடைசியில் சக மருத்துவர் ஒருவர், ஊழியர் சிலருடன், நள்ளிரவில் தம் கையாலே மண்ணைத் தள்ளி அவரை அடக்கினார். சடலத்தைத் தொட்டு அந்நோய் தொற்றியதற்குச் சான்றில்லை என்று உலக சுகாதார நிறுவனம் அதற்கு முந்தின மாதமே சொல்லியிருந்தது. கண்ணியமாய் அடக்கம் பெறுவது அரசியல் சட்டத்தின் 21-ம் பிரிவு தரும் உரிமையில் அடங்கும் என்று சென்னை உயர்நீதிமன்றம் உடனே கூறியது. இத்தகைய அடக்கத்தைத் தடுப்பவருக்கு ஓராண்டு முதல் மூன்றாண்டு வரை சிறை என்று அரசு ஏப்ரல் 26-ல் அவசரச் சட்டம் பிறப்பித்தது.

4. நம்பிக்கை எப்படித் திரும்பும்?

சட்டம் கையைத் தடுக்கும். மனதை மாற்ற நல்ல மாதிரி வேண்டும். அதே வேலங்காட்டு மயானத்தில், அதற்கு ஆறு ஆண்டுகளுக்கு முன்பே, 2014-ல், பிரவீணா சாலமன் என்ற பெண்மணி ஒரு தொண்டு நிறுவனத்தின் சார்பில் நிர்வாகத்தை ஏற்றார். பெண்ணுக்கு மயானத்தில் என்ன வேலை என்று ஏளனமும் மிரட்டலும் வந்தன. அவர் அசையவில்லை. லஞ்சத்துக்கும் குடிக்கும் இடம் கொடாமல் நடத்தினார். பெண்களும் பயமின்றி வந்துபோகும் இடமாயிற்று.

கேரளத்து ஆலப்புழை இன்னொரு மாதிரி. கொரோனாவில் மரித்தோருக்கு மிக ஆழமான குழி வேண்டும் என்பது அப்போதைய விதி. அந்தக் கடற்கரை மண்ணிலோ கொஞ்சம் தோண்டினாலே நீர் ஊறும். ஆகவே தகனம் செய்து, சாம்பலைப் பங்குக் கல்லறையில் அடக்க மேற்றிராணியார் அனுமதித்தார். 2020 ஜூலை 28-ந் தேதி மாராரிக்குளம் அர்ச்சியசிஷ்ட அகுஸ்தீனார் கோயில் கல்லறைத் தோட்டத்திலேயே தகனம் நடந்தது. பங்கே முன்னின்று நடத்தியதால், இது நம்மவர் காரியம் என்று ஜனங்கள் துணிவு கொண்டார்கள்.

இரண்டு இடத்திலும் நடந்தது ஒன்றே: பொறுப்பேற்க ஒருவர் முன்வந்தார், காரியம் எல்லாருக்கும் தெரியும்படி நடந்தது.

5. நாம் செய்யவேண்டியவை

முதலாவது, இழவு வீட்டாரைத் தனியே பேரம் பேச விடாதீர்கள். துக்கத்தில் இல்லாத ஒருவர் உடன் போய், பெட்டிக்கு, வண்டிக்கு, குழிக்கு எவ்வளவு என்று முன்கூட்டியே கேட்டு எழுதி வாங்கட்டும்.

இரண்டாவது, தகனமானால் உறவினர் ஒருவர் கடைசி வரை நிற்கட்டும். சாம்பல் கலசத்தின்மேல் பெயரும் தேதியும் எழுதியிருக்கிறதா என்று பார்த்து வாங்கட்டும்.

மூன்றாவது, மரணத்தை 21 நாட்களுக்குள் பதிவு செய்யுங்கள். அப்படிச் செய்தால் சான்றிதழின் முதல் பிரதிக்குக் கட்டணமில்லை. அதற்குக் காசு கேட்பவரிடம் ரசீது கேளுங்கள்.

நான்காவது, ஏழை வீட்டு அடக்கத்துக்கும் பணக்கார வீட்டு அடக்கத்துக்கும் ஒரே மாதிரியாய்ப் போங்கள். தறிக்குக் கூலிக்குப் போகிறவர் மரித்த நாளில் பெட்டி தூக்க ஆளில்லையென்றால், அந்த வெட்கம் பங்கு முழுவதையும் சேரும்.

குழி வெட்டுகிறவரையும் தகன மேடையில் உழைக்கிறவரையும் தாழ்வாய்ப் பேசாதீர்கள். தொபியாஸ் செய்த வேலையைத்தான் அவர்கள் செய்கிறார்கள். பேசிய கூலியைக் குறையாமல் கொடுத்து, மரியாதையோடு நடத்துங்கள்.

நாமும் ஒருநாள் பேச்சற்றுக் கிடப்போம். அன்று நமது சரீரத்தைப் பயமின்றித் தொட்டு, பிறர் துக்கத்தில் லாபம் தேடாமல் அடக்கும் கைகள் நமக்கு வேண்டும். இன்று நாம் மரித்தோருக்கு அந்தக் கைகளாய் இருப்போமாக. மரித்த விசுவாசிகளின் ஆத்துமாக்கள் சர்வேசுரனுடைய இரக்கத்தினால் சமாதானத்தில் இளைப்பாறக்கடவன. ஆமென்.