ஊதுபத்திப் புகை எந்தப் பக்கம் போகிறது

அன்புள்ள கண்ணு,

பனிக்குகைக்குள் போக ஆசை, பயிற்சியை எங்கே தொடங்கட்டும் என்று கேட்டிருந்தாய். நாமக்கல் வெயிலில் பிறந்தவளுக்கு இந்த ஆசை எதற்கு என்பவர்களை விடு. எனக்கு அந்த ஆசை வந்ததே ஒரு கிணற்று மேட்டில்தான்.

ராசிபுரம் பக்கம் எங்கள் மாமா தோட்டத்தில் வெகுகாலம் மூடிக் கிடந்த கிணறு ஒன்று. தூர் வார ஆள் இறங்கும் முன், மாமா அரிக்கேன் விளக்கைக் கயிற்றில் கட்டி இறக்கினார். பாதி ஆழத்தில் சுடர் சுருங்கி அணைந்தது. அன்றைக்கு யாரையும் அவர் இறங்க விடவில்லை. காற்றும் தண்ணீரைப் போலப் பள்ளத்தில் தேங்கும் என்பது எனக்கு அன்றுதான் புரிந்தது.

பனிக்குகைக்கும் அதுவே அடிப்படை. குளிர்ந்த காற்று கனமானது. வாய் மேலேயும் வயிறு கீழேயுமாக அமைந்த குகைக்குள் குளிர்காலக் காற்று இறங்கித் தங்கிவிடும். கோடைக் காற்று லேசானது. அதனால் கீழே இறங்கி அதை விரட்ட முடியாது. ருமேனியாவின் ஸ்கெரிஷோவாரா குகையில் பல ஆயிரம் ஆண்டுப் பனிக்கட்டி இப்படித்தான் பிழைத்துக் கிடக்கிறது.

ஆஸ்திரியாவின் ஐஸ்ரீசன்வெல்ட் வேறு வகை. 42 கிலோமீட்டர் நீளமான அந்தச் சுண்ணாம்புக் குகையில், வாசலை ஒட்டிய ஏறத்தாழ ஒரு கிலோமீட்டரில் மட்டுமே பனி. மேலும் கீழும் திறப்புகள் உண்டு. குளிர்காலத்தில் உள்ளே இருக்கும் காற்று வெளிக்காற்றைவிட வெதுவெதுப்பாக இருப்பதால், புகைபோக்கியில் ஏறுவது போல மேலே போய்விடும். அந்த இடத்தை நிரப்பக் கீழ்வாசல் வழியே உறைகுளிர் புகும். பிறகு உருகுநீர் கசிந்து வந்து, குளிர்ந்து கிடக்கும் பாறையைத் தொட்டதும் உறையும். கோடையில் காற்று திசை மாறும். நான் போனது ஆவணி மாதம். கதவைத் திறந்ததும் உள்ளிருந்து அடித்த காற்றில் என் கார்பைடு விளக்கு அணைந்தது. மாம்பழம் பழுக்க வைக்கப் பயன்படுத்தக் கூடாது என்று நம் ஊரில் அதிகாரிகள் பறிமுதல் செய்கிறார்களே, அதே கார்பைடு கல்தான். தண்ணீர் சொட்டினால் எரியும் வாயு தரும். அங்கே பார்வையாளர் கையில் இன்றும் அந்த விளக்குதான்.

1879இல் ஆன்டன் போசெல்ட் அந்தக் குகைக்குள் சுமார் 200 மீட்டர் போய்த் திரும்பினார். பிறகு வெகுதூரம் உள்ளே போனவர் அலெக்சாண்டர் ஃபான் மோர்க். 1914இல் போரில் இறந்த அவருடைய அஸ்தி அந்தக் குகைக்குள்ளேயே இருக்கிறது.

நம் நாட்டில் அமர்நாத் இருக்கிறது. 3,888 மீட்டர் உயரம். சொட்டும் நீர் உறைந்து உறைந்து தரையிலிருந்து எழும்புவதுதான் அந்த லிங்கம். 1898இல் அங்கே போன விவேகானந்தர், அதற்கு முந்தைய ஆண்டுதான் சென்னை ஐஸ் ஹவுஸில் தங்கியிருந்தார். அமெரிக்க ஏரிகளில் வெட்டி, மரத்தூளில் பொதிந்து, கப்பலில் வந்த பனிக்கட்டியைக் காத்த கட்டடம் அது. இந்த இரண்டையும் சேர்த்து நினைக்கும்போதெல்லாம் எனக்கு உடம்பு சிலிர்க்கும்.

ஆனால் 1996 ஆகஸ்டில் அந்த அமர்நாத் பாதையில் திடீர்ப் பனிப்பொழிவில் இருநூறுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். உனக்கு வானம் சரியில்லை என்று பட்டால், செலவான ரயில் காசை நினைக்காமல் திரும்பி விடு. கௌமுக் போலப் பனியாறு முடியும் இடத்தில் நீலமாகத் திறந்திருக்கும் பொந்தை, பாறைக்குள் பனி உறையும் குகையோடு ஒன்றாக எண்ணாதே. பனியாறு நகர்ந்துகொண்டே இருப்பது. அதன் கூரை எப்போது இடியும் என்று கணிக்க முடியாது. அதற்குள் தலையை நீட்டாதே. இன்னொன்று, சும்மா நிற்கும் மனித உடம்பு ஒரு நூறு வாட் குண்டு பல்பு அளவுக்குச் சூடு தரும். பனியருகே கூட்டமாகப் போகாதே, வெகுநேரம் நிற்காதே.

பனி பார்க்கும் முன் காற்றைப் பார்க்கப் பழகு. அதற்குக் கொல்லிமலை போதும். வருகிற ஞாயிறு முதல் பஸ்ஸுக்கு வந்துவிடு. ஆகாய கங்கைப் பக்கம் சித்தர் குகைகள் இருக்கின்றன; வனத்துறை எதுவரை விடுகிறதோ அதுவரை போவோம். இரண்டு டார்ச், தலைக்கவசம், ஒரு கட்டு ஊதுபத்தி எடுத்துக்கொள். வாசலில் ஒன்று, உள்ளே பத்தடியில் ஒன்று கொளுத்தி, புகை எந்தப் பக்கம் சாய்கிறது என்று காலையிலும் உச்சியிலும் நோட்டில் குறிக்க வேண்டும். எத்தனை மணிக்குத் திரும்புவாய் என்பதை அம்மாவிடம் சொல்லிவிட்டு வா.

அன்புடன்,
உன் மலைக்கார மாமா