வாதத்தை வலுப்படுத்தும் சான்று எது?

2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள், சுமத்திராவுக்கு அருகே கடலடியில் ஏற்பட்ட நிலநடுக்கத்தால் எழுந்த சுனாமி, இந்தியப் பெருங்கடலின் கரையோரங்களைத் தாக்கியது. மலேசியாவில் 68 பேர் உயிரிழந்தனர். அவர்களுள் 52 பேர் பினாங்கு மாநிலத்தில் மாண்டவர்கள். தமிழ்நாட்டில் ஆயிரக்கணக்கானோர் பலியாயினர். இப்பேரிடருக்குப் பிறகு, “அலையாத்திக் காடுகள் கரையோர மக்களைக் காப்பாற்றின” என்ற கருத்து பல நாடுகளில் பேசப்பட்டது. மலாய்மொழியில் பாக்காவ் எனப்படும் இம்மரங்கள், பட்டர்வொர்த்துக்குத் தெற்கே செபராங் பிறைக் கரையிலும் வளர்கின்றன. ஆகவே, இக்கருத்து எந்த அளவுக்கு உண்மை என்பது நமக்கும் உரிய கேள்வியாகும்.

வாதத்தின் உறுப்புகள்

ஒரு வாதத்தில் முடிவும் அதற்கான காரணமும் இருக்கும். இவற்றோடு, சொல்லாமல் விடப்பட்ட எடுகோள் ஒன்றும் மறைந்திருக்கும். காரணத்தையும் முடிவையும் இணைக்கும் பாலம் அதுவே. வாதத்தை வலுப்படுத்தச் சொல்லும் வினாவுக்கு விடை காண, முதலில் அந்தப் பாலத்தைக் கண்டறிய வேண்டும்.

தமிழ்நாட்டில் நிகழ்ந்த ஓர் ஆய்வைப் பார்ப்போம். சிதம்பரத்திற்கு அருகில் பிச்சாவரம் அலையாத்திக் காடு உள்ளது. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கதிரேசனும் அவருடன் இராஜேந்திரனும் அப்பகுதிக் கடற்கரையிலுள்ள 18 மீனவக் குக்கிராமங்களை ஆராய்ந்து, 2005ஆம் ஆண்டு தங்கள் முடிவை வெளியிட்டனர். மரங்களின் பாதுகாப்பு இருந்த இடங்களில் உயிரிழப்பு குறைவாக இருந்தது. எனவே, காடு உயிர்களைக் காத்தது என்பது அவர்களின் வாதம்.

இதனை ஒரு தேர்வு வினாவாக மாற்றிப் பார்க்கலாம்.

கீழ்க்காணும் கூற்றுகளுள் எது மேற்கண்ட வாதத்தை மிகவும் வலுப்படுத்தும்?

அ. காட்டுக்குப் பின்னால் இருந்த குக்கிராமங்கள் கடலிலிருந்து அதிகத் தொலைவில், மேடான நிலத்தில் அமைந்திருந்தன.
ஆ. கடலிலிருந்து ஒரே தொலைவில், ஒரே உயரத்தில் உள்ள குக்கிராமங்களை ஒப்பிட்டபோதும், காடு இருந்தவற்றில் உயிரிழப்பு குறைவாக இருந்தது.
இ. அலையாத்திக் காடுகளில் இறாலும் நண்டும் வளர்கின்றன.
ஈ. மரங்களே தங்களைக் காத்தன என்று கிராம மக்கள் பலர் நம்புகின்றனர்.

கூற்று ‘இ’ உண்மைதான். ஆயினும், காட்டைப் பாதுகாக்க வேண்டும் என்னும் வேறொரு வாதத்திற்கே அது துணைநிற்கும். சுனாமியில் உயிர் தப்பியதற்கும் அதற்கும் தொடர்பில்லை. கூற்று ‘ஈ’ மக்களின் நம்பிக்கையைத்தான் காட்டுகிறது. அந்த நம்பிக்கைக்கு எது ஆதாரம் என்ற கேள்வி அப்படியே நிற்கிறது. கூற்று ‘அ’ காட்டைப் பற்றிப் பேசுவதால் ஆதரவான சான்றுபோல் தோன்றலாம். உண்மையில் அது வாதத்தைத் தளரச் செய்கிறது. மேட்டு நிலமும் தொலைவுமே மக்களைக் காத்திருக்கலாம் அல்லவா? “காட்டைத் தவிர வேறு காரணம் இல்லை” என்பதே இவ்வாதத்தின் எடுகோள். அந்த எடுகோளைத் தாங்கி நிற்பது கூற்று ‘ஆ’ மட்டுமே. எனவே, அதுவே சரியான விடை.

அறிஞர்கள் எழுப்பிய ஐயம்

இது வெறும் தேர்வுப் பயிற்சியன்று. 2006ஆம் ஆண்டு வேறு சில அறிஞர்கள் அதே 18 குக்கிராமங்களின் தரவுகளை மீண்டும் ஆராய்ந்தனர். நிலத்தின் உயரத்தையும் கடலிலிருந்து உள்ள தொலைவையும் கணக்கில் எடுத்தபின், உயிரிழப்பு வேறுபாட்டின் பெரும்பகுதிக்கு அவையே விளக்கம் தந்தன. காட்டின் பங்கு மிகச் சிறியதாகத் தெரிந்தது. காடு பயனற்றது என்று இதனால் மெய்ப்பிக்கப்படவில்லை. காடுதான் காத்தது என்று உறுதியாகச் சொல்ல அந்தச் சான்று போதாது என்பதே தெளிவானது.

அப்படியானால் எத்தகைய சான்று தேவை? 1999ஆம் ஆண்டு அக்டோபரில் ஒடிசாவைத் தாக்கிய கடும் புயலைப் பற்றி சௌதாமினி தாஸும் ஜெஃப்ரி வின்சென்டும் 2009இல் வெளியிட்ட ஆய்வு வழிகாட்டுகிறது. அவர்கள் கேந்திரபாரா மாவட்டத்தின் 409 கிராமங்களை எடுத்துக்கொண்டனர். கடலிலிருந்து உள்ள தொலைவு, உட்புகுந்த நீரின் உயரம், மக்கள்தொகை முதலிய பிற காரணங்களையும் கணக்கில் சேர்த்தனர். அதன் பின்னரும், கடலுக்கும் ஊருக்கும் இடையே அகலமான அலையாத்திக் காடு இருந்த கிராமங்களில் உயிரிழப்பு குறைவாகவே இருந்தது. அதே ஆய்வு இன்னொன்றையும் கூறியது: காட்டைவிட, அரசு முன்கூட்டியே விடுத்த எச்சரிக்கையே அதிக உயிர்களைக் காத்தது.

இங்கும் ஓர் எல்லை உண்டு. இந்தச் சான்று புயலைப் பற்றியது. புயலால் பெருகும் கடல்நீரும் சுனாமி அலையும் ஒன்றல்ல. எனவே, “காடு புயலில் உயிர்களைக் காக்கும்” என்ற வாதத்தை அது நேரடியாக வலுப்படுத்தும். “காடு சுனாமியிலிருந்து காக்கும்” என்ற வாதத்திற்கு ஓரளவே துணைசெய்யும்.

நமக்கு இதனால் என்ன?

2004க்குப் பின்னர் நம் நாட்டுக் கடற்கரைகளில் சுனாமி எச்சரிக்கை ஒலிக்கருவிகள் அமைக்கப்பட்டன. செபராங் பிறையில் மீனவர்கள் அலையாத்திக் கன்றுகளை நட்டு வருகிறார்கள். இரண்டும் நல்ல பணிகளே. ஆனால், “மரங்கள் இருக்கின்றன, அஞ்ச வேண்டியதில்லை” என்று ஒருவர் எச்சரிக்கை ஒலியைக் கேட்டும் வீட்டிலேயே இருந்துவிட்டால், தளர்ந்த வாதம் ஓர் உயிரைப் பறித்துவிடும்.

ஆகவே மாணவர்களே, இத்தகைய வினாவைச் சந்திக்கும்போது மூன்றைக் கேளுங்கள். வாதத்தின் முடிவு சரியாக எதைப் பற்றியது? அதே விளைவை வேறு எந்தக் காரணம் தந்திருக்கக்கூடும்? கொடுக்கப்பட்ட கூற்றுகளுள் எது அந்த வேறு காரணத்தை விலக்குகிறது? நமக்குப் பிடித்த முடிவாக இருந்தால், இக்கேள்விகளை இன்னும் கண்டிப்பாகக் கேட்க வேண்டும். ஏனெனில், அங்கேதான் போதாத சான்றையும் போதுமென்று ஏற்றுக்கொள்ள மனம் விரும்பும்.